நத்தார் முதல் தைப்பொங்கல் வரை: குளிர்கால விடுமுறையில் உடலும் மனமும்

டிசம்பர் முதல் வாரத்தில் என்னிடம் வருபவர்களில் அநேகர் தடிமனுக்கும் இருமலுக்கும் மருந்து கேட்டே வருகிறார்கள். ஜனவரி நடுப்பகுதியில், பொங்கல் முடிந்த கையோடு வருபவர்களின் முறைப்பாடு வேறு: ஏறிப்போன சீனி, கட்டுக்கு மீறிய இரத்த அழுத்தம், வழுக்கி விழுந்து வீங்கிய மணிக்கட்டு, இன்னதென்று சொல்லத் தெரியாத சோர்வு. கனடாவின் ரொறன்ரோ நகரின் பகுதியான ஸ்காபரோவில் குடும்ப வைத்தியராக இருந்து இதைப் பார்த்துவருகிறேன். குளிருக்கு நாம் அஞ்சுகிறோம்; அதற்கென்று ஜக்கெட்டும் சப்பாத்தும் வாங்குகிறோம். ஆனால் விடுமுறை வந்ததும் சாப்பாடு, மருந்து, நித்திரை, நடை எல்லாவற்றின் நேரமும் ஒருங்கே குலைந்துபோவதையும், அதே வாரங்களில் வெளிச்சமும் குறைந்துபோவதையும் எவரும் பொருட்படுத்துவதில்லை.

மண்டபத்தில் நடக்கும் ஒன்றுகூடலையே எடுத்துக்கொள்வோம். அழைப்பிதழில் 6 மணி என்றிருக்கும். ஆட்கள் வந்து சேர 8 மணியாகும். பேச்சுகளும் பிள்ளைகளின் நடனமும் முடிந்து சாப்பாடு திறக்கும்போது பத்தரை மணி. நீரிழிவு உள்ள ஐயா ஒருவர், வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் எடுக்கும் இன்சுலினை வழக்கம்போல 6 மணிக்கே ஏற்றிவிட்டு வந்து, ஒரு றோலும் தேநீரும் மட்டும் எடுத்துக்கொண்டு அமர்ந்திருப்பார். ஒன்பது மணியளவில் அவருக்குக் கை நடுங்கும், வியர்க்கும், காரணமில்லாமல் சினம் வரும். பக்கத்தில் இருப்பவர்கள் மண்டபத்தின் புழுக்கம் என்பார்கள். கையில் ஒரு கிளாஸ் இருந்துவிட்டால் வெறி என்று சொல்லிச் சிரிப்பார்கள். உண்மையில் அது இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிய நிலை. அந்த நேரத்தில் 150 மில்லிலீற்றர் பழச்சாறோ, டயட் அல்லாத சாதாரண சோடாவோ கொடுத்து, 15 நிமிடம் கழித்துச் சீனியை மீண்டும் சோதிக்கவேண்டும். நினைவு தடுமாறினால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே அவசர உதவி இலக்கமான 911ஐ அழைக்கவேண்டும்.

இதைத் தவிர்ப்பது கடினமல்ல. சாப்பாட்டோடு எடுக்கும் விரைவு இன்சுலினைத் தட்டில் சோறு விழும் நேரத்தில்தான் ஏற்றவேண்டும். நாள் முழுவதும் வேலைசெய்யும் நீண்டநேர இன்சுலினை வழக்கமான நேரத்திலேயே எடுக்கவேண்டும். கிளிக்லசைட் போன்ற, சீனியை இறக்கும் குளிசைகளைச் சாப்பாடு இல்லாமல் விழுங்கக்கூடாது. மெற்போமின் என்ற நீரிழிவுக் குளிசையை மட்டும் எடுப்பவர்களுக்குச் சீனி இப்படி இறங்குவது அரிது. மது அருந்தினால் சீனி அன்றிரவு மட்டுமல்ல, மறுநாள் காலையிலும் இறங்கக்கூடும் என்பதை, இன்சுலின் எடுப்பவரோடு வண்டியில் திரும்பும் மகனோ மகளோ தெரிந்திருக்கவேண்டும். இன்னொன்று: இன்சுலின் பேனாவை வெளியே நிற்கும் காரில் விட்டுச் செல்லாதீர்கள். உறைந்துபோன இன்சுலின் உருகிய பின்னர் பார்வைக்குச் சரியாக இருந்தாலும், அதை நம்பி எடுக்கக்கூடாது.

உடல் எடையைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். நான் ஒரு செய்தியோடு நிறுத்திக்கொள்கிறேன். 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், விடுமுறை வாரங்களில் ஏறிய எடை சராசரியாக அரைக் கிலோவுக்கும் குறைவுதான். ஆனால் அது அடுத்த ஆண்டு முழுவதும் இறங்கவில்லை. ஆகவே ஒரு நாள் நத்தார் கேக் சாப்பிட்டதற்காக மனம் நோகவேண்டியதில்லை. மேசையில் திறந்தபடியே கிடக்கும் பலகார டின்னை இரண்டு வாரமும் திறந்தே வைத்திருப்பதுதான் பிரச்சினை.

பனி தள்ளுவதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். கியூபெக் மாநிலத்தில் 1981 முதல் 2014 வரையிலான தரவுகளை ஆராய்ந்து 2017இல் வெளியிடப்பட்ட ஆய்வு, பெரும் பனிப்பொழிவுக்கு மறுநாள் ஆண்களிடையே மாரடைப்பும் அதனால் நேரும் மரணமும் கூடுவதைக் காட்டியது. குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. மண்வெட்டியைத் தூக்கும்போது மூச்சை அடக்குவதால் இரத்த அழுத்தம் திடீரென ஏறுகிறது. இதெல்லாம் பெரும்பாலும் காலையில், உடல் சூடேறும் முன்னரே நடக்கிறது. வருடம் முழுவதும் கதிரையில் இருந்து வேலைசெய்துவிட்டு, வாகன வழியின் முகப்பில் மாநகரசபை வண்டி ஒதுக்கிவிட்டுப்போன ஈரப்பனிக் குவியலை ஒரே மூச்சில் அள்ள முற்படுபவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. வீட்டுக்குள்ளேயே சில நிமிடங்கள் நடந்து உடலைச் சூடாக்கிவிட்டு வெளியே இறங்குங்கள். பனியைத் தூக்காமல் தள்ளுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் தொடங்காதீர்கள். ஏற்கெனவே இருதய நோய் உள்ளவர்கள் அந்த வேலையைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் விட்டுவிடுவதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கு நெஞ்சு நோவே இல்லாமல், மூச்சுத் திணறலும் குளிர்ந்த வியர்வையும் மட்டுமாகக்கூட மாரடைப்பு வரலாம். மரத்துப்போன பாதத்தை ஹீட்டருக்கு அருகில் வைத்துச் சூடாக்கும் பழக்கமும் அவர்களுக்கு ஆகாது: தோல் வேகும்வரை உணர்வு தெரியாது.

இனி வெளிச்சம். டிசம்பர் 21ஆம் தேதியளவில் ரொறன்ரோவில் சூரியன் காலை 7:48க்கு உதித்து மாலை 4:43க்கு மறைகிறது. பகல் 9 மணி நேரம்கூட இல்லை. யாழ்ப்பாணத்தில் மார்கழி மாதத்திலும் பகல் 11 மணி நேரத்துக்கு மேல் நீளும். அந்த வெயிலில் வாழ்ந்து பழகிய 70 வயது அம்மா ஒருவர், பெற்றோர் நீண்டகாலம் தங்கிச்செல்லும் சூப்பர் வீசாவில் இங்கு வந்து, திரைச்சீலை மூடிய அறையில் நாளைக் கழிப்பதை எண்ணிப்பாருங்கள். 1984ஆம் ஆண்டில் நோர்மன் றோசென்தாலும் அவருடன் பணியாற்றியவர்களும் பருவகால மனச்சோர்வை ஒரு நோய்நிலையாக விவரித்தார்கள். நித்திரை கூடுதல், மாப்பொருளின் மேல் ஆசை, எதிலும் பற்றில்லாமை ஆகியவை அதன் குணங்கள்.

ஆனால் நம் முதியவர்கள் "மனம் சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "உடம்பெல்லாம் உளையுது டொக்டர்," "நித்திரை வருகுதில்லை," "சாப்பாடு பிடிக்குதில்லை" என்றுதான் சொல்வார்கள். இரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக வந்தபின், "பகலில் யாரோடு கதைப்பீர்கள், அம்மா?" என்று கேட்டால்தான் கண் கலங்கும். விடுமுறையில் பேரப்பிள்ளைகள் வீட்டில் நிற்கிறார்களே என்று பிள்ளைகள் நினைக்கலாம். அந்த இரண்டு வாரமும் அவர் பெரும்பாலும் அடுப்படியில் நிற்கிறார். பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் இருக்கிறார்கள். ஜனவரி முதல் வாரத்தில் எல்லோரும் புறப்பட்டுப் போனதும் வீடு வெறிச்சோடுகிறது. பல ஆண்டுகளாக நான் கவனித்ததில், அந்த வாரம்தான் மிகக் கடுமையானது. உறவினரைப் பார்க்கப் போவதை எல்லாம் நத்தாருக்குள் அடைக்காமல், ஒன்றிரண்டை ஜனவரிக்கு ஒதுக்கிவையுங்கள்.

காலையில் எழுந்தவுடன் திரையை விலக்குவதும், பத்து மணியளவில் அரை மணி நேரம் வெளியே நடப்பதும் மருந்துக்கு நிகரான உதவி. வழி வழுக்கும் நாட்களில் மோலுக்குள் நடக்கலாம். ஸ்காபரோ டவுன் சென்டரில் காலையில் நடக்கும் முதியவர்களின் கூட்டத்தில் கதைக்கவும் ஆள் கிடைக்கும். வெயிலுக்கு ஈடாகப் பிரகாசமான ஒளி தரும் வெளிச்சப் பெட்டி வாங்குவதானால், 10,000 லக்ஸ் (ஒளியின் அளவு) உள்ளதைத் தெரிவுசெய்து, காலையில் 30 நிமிடம் அதன் முன் அமரவேண்டும். கண் நோயோ இருமுனை மனநோயோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் அதைத் தொடங்கக்கூடாது. கனடாவின் குளிர்கால வெயிலில் நம் தோல் வைற்றமின் டியை ஏறக்குறைய உருவாக்குவதேயில்லை என்பதால், 50 வயதைக் கடந்தவர்கள் நாளுக்கு 400 சர்வதேச அலகு (IU) எடுக்குமாறு கனடிய உணவு வழிகாட்டி சொல்கிறது. மூட்டு நோவுக்கென்று பத்து மடங்கு விழுங்குவது தேவையற்றது.

தமிழ்நாட்டிலிருந்து வந்து பேஸ்மென்ற் அறைகளில் தங்கியிருக்கும் மாணவர்களும், ஒன்றரை மடங்கு சம்பளத்துக்காக நத்தார் அன்றும் இரவு வேலைக்குப் போகும் தொழிற்சாலைத் தொழிலாளர்களும் இதே இருட்டில்தான் இருக்கிறார்கள். இரவு வேலை முடித்தவர்கள் நித்திரைக் கண்ணோடு கார் ஓட்டி விருந்துக்கு வருவதைவிட, இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டுப் பிந்தி வரட்டும்.

சோர்வும் பற்றின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் வைத்தியரைப் பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் 9-8-8 இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். 2023 நவம்பர் 30 முதல் கனடா முழுவதும் இயங்கும் இச்சேவை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கிடைக்கிறது. சமூக உதவிகளை அறிய 211ஐ அழைத்தால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். பகலில் தனித்திருக்கும் பெற்றோருக்காக வீட்டு முகவரியையும் குளிசைகளின் பெயர்களையும் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள். 911ஐ அழைத்தால் "டமில்" என்ற ஒரு சொல்லைச் சொன்னாலும் போதும், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள் என்பதையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.