பறக்கும் தட்டா, இனங்காணா வான்தோற்றமா?

'அடையாளம் தெரியாத வாகனம் மோதி முதியவர் பலி.' வேலூர்ப் பதிப்பு நாளிதழ்களில் பள்ளிகொண்டா, மாதனூர், ஆம்பூர் என்று நெடுஞ்சாலை ஊர்களின் பெயரோடு இந்த வரி அடிக்கடி வரும். அந்த வாகனம் வேற்றுக்கிரகத்திலிருந்து வந்ததாக யாரும் நினைப்பதில்லை. லாரியாக இருக்கும், வேனாக இருக்கும். இருட்டில் வண்டி எண்ணை யாரும் கவனிக்கவில்லை. போலீசார் வழக்குப் பதிந்து சோதனைச்சாவடி கேமராக்களைப் பார்ப்பார்கள். அதே 'அடையாளம் தெரியாத' என்ற அடைமொழியை எடுத்துப் 'பறக்கும் பொருள்' என்பதற்கு முன்னால் வைத்தால் மட்டும் வேற்றுக்கிரகவாசிகள் வந்து இறங்கிவிடுகிறார்கள். சாலையில் நிதானமாக நிற்கிற சொல் வானத்துக்குப் போனதும் ஏன் நிலை தடுமாறுகிறது? அந்தச் சொல் நம்மிடம் வந்து சேர்ந்த வழியைப் பார்த்தால் காரணம் தெரியும்.

ஆங்கிலத்தில் யூ.எஃப்.ஓ. என்ற மூன்றெழுத்துச் சுருக்கத்தின் விரிவு 'அடையாளம் காணப்படாத பறக்கும் பொருள்' என்பதுதான். வானத்தில் ஒன்றைப் பார்த்தோம், அது இன்னதென்று இதுவரை சொல்ல முடியவில்லை. இவ்வளவே அதன் பொருள். இது பொதுமக்களின் பேச்சில் பிறந்த சொல்லன்று, அரசாங்கக் கோப்பில் பிறந்தது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க விமானப்படையின் விசாரணைப் பிரிவுக்குத் தலைமை வகித்த எட்வர்ட் ரப்பெல்ட் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்பு மக்கள் சொல்லிவந்த 'பறக்கும் சாசர்' என்ற பெயர், விசாரிக்கும் முன்பே விடையைச் சொல்லிவிடுகிறது என்பது அவருடைய மனக்குறை. நியாயமான குறை.

அந்தச் சாசர் வந்த கதை இன்னும் சுவையானது. 1947 ஜூன் 24 அன்று கென்னத் ஆர்னால்ட் என்பவர் அமெரிக்காவின் ரெய்னியர் மலைக்கு அருகே சிறு விமானம் ஓட்டிச் சென்றபோது ஒன்பது பொருள்கள் மின்னிக்கொண்டு விரைந்து போவதைக் கண்டார். அவை போன விதத்தைச் சொல்ல, தண்ணீரின் மேல் சாசரை எறிந்தால் தத்திப் போகுமே, அதுபோல என்று உவமை சொன்னார். நம் ஊர் ஏரிக்கரையில் பிள்ளைகள் ஓட்டாஞ்சில்லைச் சாய்த்து எறிவார்கள். அது நீரைத் தொட்டுத் தொட்டு எழும்பி மூன்று நான்கு தாவல் தாவி அமுங்கும். அவர் சொன்னது அந்த ஓட்டத்தைத்தான். பத்திரிகைகளோ அதை உருவமாக எடுத்துக்கொண்டு 'பறக்கும் சாசர்' என்று தலைப்பிட்டன. அதற்குப் பிறகு வானத்தைப் பார்த்தவர்கள் வட்டத் தட்டுகளையே பார்த்தார்கள். ஓர் உவமையைத் தவறாகப் படித்ததால் உலகம் முழுவதும் ஒரு வடிவம் பிறந்துவிட்டது.

தமிழுக்கு வந்தபோது இன்னொரு படி கூடியது. சாசர் என்பது டீக்கடைக் கோப்பைக்கு அடியில் இருக்கும் சின்னத் தட்டு. 'பறக்கும் தட்டு' என்றதும் நம் மனத்தில் எழுவது சோற்றுத் தட்டு அல்லது சீர்வரிசைத் தாம்பாளம். ஓட்டம் வடிவமாகி, வடிவம் அளவிலும் பெருத்துவிட்டது. சொல் அழகாகத்தான் இருக்கிறது. கதைக்கும் கேலிச்சித்திரத்துக்கும் அது இருக்கட்டும். ஒரு விசாரணை அறிக்கையில் அதற்கு இடமில்லை.

விசாரணை என்று சொன்னேன் அல்லவா, அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். அமெரிக்க விமானப்படை 1948இல் 'சைன்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அடுத்து 'கிரட்ஜ்', 1952இலிருந்து 'புளூ புக்'. புளூ புக் 1969இல் மூடப்பட்டபோது அதன் கோப்புகளில் 12,618 தகவல்கள் இருந்தன. வெள்ளிக் கிரகம், பலூன், விமானம், எரிமீன், மேகத்தில் பட்ட ஒளி என்று பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. 701 மட்டும் 'அடையாளம் காணப்படாதவை' என்ற பிரிவில் நின்றன. பதினெட்டுக்கு ஒன்று. இந்த 701ஐச் சிலர் வேற்றுக்கிரக வருகைக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். காவல் நிலையத்தில் கண்டுபிடிக்கப்படாமல் நிற்கும் வழக்குகளை எல்லாம் ஒரே திருடனின் தலையில் கட்டுவது போன்றது அது.

இந்த இடத்தில் பிரான்ஸ் நாட்டார் செய்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. அந்நாட்டு விண்வெளி நிறுவனத்தின் கீழ் தூலூஸ் நகரில் 1977இலிருந்து இதற்கென்று ஒரு பிரிவு இருக்கிறது; இன்றைய பெயர் ஜெய்பான். வருகிற தகவல்களை அது நான்காகப் பிரிக்கிறது. இன்னதென்று உறுதியானது, பெரும்பாலும் இன்னதாக இருக்கலாம் என்பது, முடிவு சொல்லப் போதிய தகவல் இல்லாதது, போதிய தகவல் இருந்தும் விளங்காதது. கடைசி இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். ஒன்றில் குறை சாட்சியத்தில் இருக்கிறது. மற்றொன்றில் சாட்சியம் நன்றாக இருந்தும் நம் அறிவு போதவில்லை. நம் செய்திகள் இரண்டையும் 'மர்மம்' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகின்றன. மர்மம் என்பது வடமொழியில் உயிர்நிலையைக் குறித்த சொல். அதே சொல்தான் வர்மக்கலையின் வர்மமாகவும் நம்மிடம் வழங்குகிறது. பிறகு இரகசியம் என்று பொருள் விரிந்தது. இரகசியம் என்றால் யாரோ மறைக்கிறார்கள் என்று ஆகிறது. மங்கலாக எடுத்த செல்போன் படத்தில் யாரும் எதையும் மறைக்கவில்லை, படம் மங்கல்.

அண்மையில் ஆங்கிலத்திலும் பெயர் மாறியிருக்கிறது. யூ.ஏ.பி. என்கிறார்கள். 'பறக்கும்' என்பதும் 'பொருள்' என்பதும் போய் 'நிகழ்வு' வந்துவிட்டது. நடு எழுத்துக்கு முதலில் 'வான்வழி' என்று விரிவு சொன்னார்கள். கடலில் தெரிபவற்றையும் சேர்க்க வேண்டியிருந்ததால் 'வழக்கத்துக்கு மாறான' என்று பின்னர் மாற்றினார்கள். 2021 ஜூனில் அமெரிக்க உளவுத்துறைத் தலைமை வெளியிட்ட அறிக்கையில் 144 தகவல்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன. உறுதியாக இன்னதென்று சொல்லப்பட்டது ஒன்றே ஒன்று, காற்று இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெரிய பலூன். நாசா அமைத்த குழுவும், முறையாக எடுத்த நல்ல தரவு இல்லாததே பெரிய சிக்கல் என்று 2023இல் சொன்னது.

நம் நாட்டில் நடந்ததும் உண்டு. 2012 ஆகஸ்டுக்கும் 2013 பிப்ரவரிக்கும் இடையே லடாக் எல்லையில் நம் ராணுவத்தினர் வானத்தில் ஒளிரும் பொருள்களைப் பார்த்து 329 முறை குறித்துவைத்தார்கள். சீன ஆளில்லா விமானங்களோ என்ற ஐயம். இந்திய வானியற்பியல் நிறுவனத்தைக் கேட்டார்கள். வெள்ளியும் வியாழனும் என்று பதில் வந்தது. இதில் வீரர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பார்த்ததைப் பார்த்தபடி, நாள் நேரத்தோடு அவர்கள் எழுதிவைத்ததால்தான் விடை கிடைத்தது. 2023 நவம்பர் 19 அன்று இம்பால் விமான நிலையத்துக்கு மேலே ஏதோ தெரிந்ததாகத் தகவல் வந்து விமானங்கள் சில மணி நேரம் நிறுத்தப்பட்டன. ரஃபேல் போர் விமானங்கள் தேடிப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை.

லடாக் கேள்விக்கு விடை சொன்ன அந்த நிறுவனம் நமக்கு அயலானதன்று. ஜவ்வாது மலையில் ஆலங்காயத்துக்கு மேலே இருக்கும் காவலூர் வானாய்வகம் அதனுடையதுதான். பழைய வட ஆற்காட்டு மண். பின்னர் வேலூர் மாவட்டம், 2019இலிருந்து திருப்பத்தூர் மாவட்டம். பெயரிலேயே காவல் இருக்கிற ஊர். அங்கே 1977 மார்ச் 10 அன்று நடந்ததை இந்தச் சொல் விளக்கத்தில் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. அன்று யுரேனஸ் கிரகம் ஒரு விண்மீனை மறைத்துக் கடக்க இருந்தது. காவலூரில் ஒரு மீட்டர் தொலைநோக்கியைத் திருப்பி வைத்துக் காத்திருந்தார்கள். கிரகம் மறைப்பதற்கு முன்பே விண்மீனின் ஒளி சில நொடிகள் குறைந்து மீண்டது. என்ன அது? யுரேனஸுக்கு ஒரு புதிய துணைக்கோள் என்றுதான் முதலில் எழுதினார்கள். மற்ற இடங்களில் பதிவானவற்றோடு ஒப்பிட்ட பிறகு, அது யுரேனஸைச் சுற்றியிருக்கும் வளையம் என்று தெளிந்தது. முதல் பெயர் பிழை, பதிவு பிழையில்லை. பதிவு சரியாக இருந்ததால் பெயரைத் திருத்திக்கொள்ள முடிந்தது.

இதற்கு நேர்மாறானது, அதே வட்டாரத்தில், 2016 பிப்ரவரி 6 அன்று நடந்தது. நாட்றம்பள்ளி அருகே ஒரு கல்லூரி வளாகத்தில் வெடிப்பு. ஒருவர் உயிரிழந்தார், கண்ணாடிகள் நொறுங்கின, தரையில் பள்ளம். மறுநாளே 'விண்கல்' என்று அரசு அறிவிப்பில் வந்துவிட்டது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. பிறகு நாசா அறிவியலாளர்கள், வெளியான படங்களைப் பார்த்தால் தரையில் நடந்த வெடிப்பாகவே தெரிகிறது என்றார்கள். ஆனாலும் இன்றுவரை எங்கள் பக்கத்துப் பஸ்களில் 'விண்கல் விழுந்த காலேஜ்' என்றுதான் அந்த இடத்தைக் காட்டுகிறார்கள். முந்திக்கொண்ட பெயர் அப்படி ஒட்டிக்கொள்ளும். ஓர் உயிர் போன இடத்தில் பெயரிடுவதற்கு ஒரு வாரம் பொறுத்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது?

'அடையாளம் காணப்படாத பறக்கும் பொருள்' என்பது நேர்மையான மொழிபெயர்ப்பு. ஆனால் நீளம். தவிரவும், 'பறக்கும்' என்பது ஒரு தீர்ப்பு. காக்கை பறக்கும், காற்றாடி பறக்கும்; வெள்ளிக் கிரகம் பறப்பதில்லை. 'பொருள்' என்பதும் தீர்ப்புதான். மேகத்தில் பட்ட விளக்கொளி பொருளா?

நான் பரிந்துரைப்பது 'இனங்காணா வான்தோற்றம்'. இனம் காணுதல் என்றால் ஒன்றை அதன் வகையில் சேர்த்து அறிவது. ஈழத்தமிழ் நாளிதழ்களில் 'இனங்காணப்பட்டது', 'இனந்தெரியாத' என்பவை அன்றாடச் சொற்கள். தோற்றம் என்பது கண்ணுக்குத் தோன்றியது. அது பொருளாகவும் இருக்கலாம், ஒளியாகவும் இருக்கலாம், கண்ணின் மயக்கமாகவும் இருக்கலாம். 'தோற்றம் என்றால் பொய் என்ற வாடை அடிக்கிறதே' என்று தமிழாசிரியரான நண்பர் ஒருவர் மறுத்தார். நாம் ஞாயிற்றின் தோற்றம் என்றும் சொல்கிறோம். அதில் பொய் எங்கே இருக்கிறது? நாளிதழுக்கு இது கனமாகப்பட்டால் 'அடையாளம் தெரியாத வான்தோற்றம்' என்று எழுதலாம். அப்போது நெடுஞ்சாலை வாகனத்துக்கு இருக்கும் அதே நிதானம் வானத்துக்கும் கிடைக்கும்.

விசாரணைக்குத் தமிழில் மிகப் பொருத்தமான சொல் ஏற்கெனவே இருக்கிறது. நம் காவல்துறை ஏடுகளில் 'புலன் விசாரணை' என்பார்கள். புலனாய்வு என்பதும் அதுவே. புலன் என்பது கண், காது முதலியவை உணர்வது. வான்தோற்ற விசாரணையில் முதலில் ஆராய வேண்டியது அதைத்தான்: பார்த்தவர் கண் எதைப் பார்த்தது, எந்தத் திசையில், அடிவானிலிருந்து எவ்வளவு உயரத்தில், எவ்வளவு நேரம். இதைச் செய்யத் தெரிந்தவர்கள் நம்மிடம் பழங்காலத்திலேயே இருந்தார்கள். புறநானூற்றின் 229ஆம் பாட்டில் கூடலூர் கிழார் ஒரு விண்மீன் வீழ்ந்ததைச் சொல்கிறார். அரசனுக்கு ஆகாது என்ற அச்சம் பின்னால்தான் வருகிறது. முதலில் பங்குனி மாதம் என்கிறார், நள்ளிரவு என்கிறார், எந்த விண்மீன்கள் எங்கே நின்றன என்கிறார். அதன் பிறகே 'ஒருமீன் விழுந்தன்றால்'.

சென்ற மார்கழியில் காட்பாடியில் எங்கள் மாடியில் நடந்தது இது. பக்கத்து வீட்டுப் பையன், ஏழாம் வகுப்பு, மூச்சிரைக்கப் படியேறி வந்தான். "மாமா, பறக்கும் தட்டு! சீக்கிரம் வாருங்கள்!" தென்மேற்கிலிருந்து ஒளிப்புள்ளிகள் ஒரே கோட்டில், நூலில் கோத்தது போலச் சம இடைவெளியில் வந்துகொண்டிருந்தன. சத்தமில்லை, மினுக்கமில்லை. தலைக்கு மேல் தாண்டி வடகிழக்கில் குறிப்பிட்ட ஓர் இடத்தை அடைந்ததும் ஒவ்வொன்றாக அணைந்தன. முதல் புள்ளி எங்கே மறைந்ததோ சரியாக அங்கேயே அடுத்ததும் மறைந்தது. அவனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எனக்கும்தான்.

"என்ன மாமா அது?"

"முதலில் எழுது. நேரம், திசை, எத்தனை புள்ளி."

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினான். மாலை 6.52. இருபத்தொரு புள்ளிகள். மறைந்த இடம், கோயில் கோபுர விளக்குக்கு நான்கு விரல் மேலே. தலைப்பு என்ன போடுவது என்று கேட்டான். சொன்னேன்; 'இனங்காணா வான்தோற்றம்' என்று எழுதி அடிக்கோடிட்டான். அடுத்த நாள் இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். இணையச் சேவைக்காகக் கூட்டமாக ஏவப்படும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் தனித்தனியே விலகிப் போவதற்கு முன் இப்படித்தான் வரிசையாகத் தெரியும். பூமியின் நிழலுக்குள் நுழையும் இடத்தில் ஒவ்வொன்றாக அணையும். அன்றைய நேரமும் திசையும் ஒத்துப்போயின. பையன் அளவுகோலை வைத்துத் தலைப்பின் குறுக்கே ஒரு கோடு இழுத்தான். கீழே 'செயற்கைக்கோள் வரிசை' என்று எழுதினான். பிறகு பக்கத்தைத் திருப்பிப் புதிய பக்கத்தின் மேலே மறுபடியும் 'இனங்காணா வான்தோற்றம்' என்று எழுதி, எண் 2 என்று போட்டு, கீழே காலியாக விட்டிருக்கிறான்.