விண்டோஸை மேம்படுத்தினால் லினக்ஸ் எங்கே போகிறது?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிவுக்கு வந்ததால், ஒரே கணினியில் விண்டோஸையும் உபுண்டு என்னும் லினக்ஸ் வகையையும் சேர்த்து வைத்திருப்பவர்களும் விண்டோஸ் 11-க்கு மாறவேண்டிய நிலை வந்துள்ளது. அப்படி மாறியபின் கணினியை இயக்கினால், எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும், லினக்ஸின் தொடக்க நிரலான கிரப்பின் பட்டியல் வராமல் நேரடியாக விண்டோஸ் திறந்துகொள்வது உண்டு. லினக்ஸ் அழிந்துவிட்டது என்று நினைத்து அதை மறுபடியும் நிறுவத் தொடங்குவதுதான் இந்த இடத்தில் செய்யக்கூடாத காரியம். பெரும்பாலான சமயங்களில் லினக்ஸின் கோப்புகள் இருந்த இடத்திலேயே பத்திரமாக இருக்கின்றன. அவற்றைத் தேடிச் செல்லும் வரிசை மட்டுமே மாறியிருக்கிறது.

அந்த வரிசை வன்தட்டில் இல்லை. பவர் பொத்தானை அழுத்தியதும் முதலில் விழித்துக்கொள்வது தாய்ப்பலகையில் உள்ள யூஇஎஃப்ஐ என்னும் அடிப்படை மென்பொருள். மின்சாரம் நின்றாலும் அழியாத ஒரு சிறு நினைவகத்தில், எந்தத் தொடக்க நிரலை முதலில் இயக்கவேண்டும், அது கிடைக்காவிட்டால் அடுத்து எதை இயக்கவேண்டும் என்று அது குறித்து வைத்திருக்கிறது. அந்தக் குறிப்புகள் ஒவ்வொன்றும், வன்தட்டில் எஃப்ஏடி32 வடிவில் உள்ள ஒரு சிறிய பார்ட்டிஷனில், அதாவது தனிப் பிரிவில், இருக்கும் ஏதேனும் ஒரு கோப்பைச் சுட்டுகின்றன. விண்டோஸ் அதை உருவாக்கியிருந்தால் அதன் அளவு பெரும்பாலும் 100 எம்பிதான். அதற்குள் மைக்ரோசாஃப்ட் என்றொரு கோப்புறையும் உபுண்டு என்றொரு கோப்புறையும் அருகருகே இருக்கும். யூஇஎஃப்ஐ-க்கு முன்பிருந்த பழைய பயாஸ் முறையில் வன்தட்டின் முதல் 512 பைட்டுகளில் 446 பைட்டுகள் மட்டுமே தொடக்க நிரலுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. அங்கே ஒன்றுக்குத்தான் இடம் என்பதால், விண்டோஸை நிறுவியதும் கிரப் உண்மையிலேயே அழிக்கப்பட்டது. யூஇஎஃப்ஐ முறையில் விண்டோஸ் வழக்கமாகச் செய்வதெல்லாம் தன் பெயரை வரிசையின் முதலிடத்தில் வைத்துக்கொள்வது மட்டுமே.

ஆகவே தீர்வும் எளிது. உபுண்டுவின் யூஎஸ்பி மூலம் கணினியை இயக்கி, டெர்மினலில் எஃபிபூட்எம்ஜிஆர் என்ற கட்டளையைக் கொடுத்தால், பூட்ஆர்டர் என்ற வரியில் 0000,0003 என்பதுபோல் எண்கள் தெரியும். அதன் கீழே 0000 என்பது விண்டோஸ் பூட் மேனேஜர் என்றும் 0003 என்பது உபுண்டு என்றும் பெயர்கள் இருக்கும். வரிசையை 0003,0000 என்று மாற்றி எழுதச் சொன்னால் கிரப் பட்டியல் திரும்பிவிடும். பல கணினிகளில் இதையே யூஇஎஃப்ஐ அமைப்புத் திரையிலும் செய்யலாம்.

பழைய பயாஸ் முறையில் இரண்டையும் நிறுவியிருப்பவர்களின் நிலை இதைவிடக் கடினமானது, ஏனெனில் விண்டோஸ் 11 யூஇஎஃப்ஐ-யைக் கட்டாயமாகக் கேட்கிறது. வன்தட்டின் பிரிவு அட்டவணையை அதற்கேற்ற ஜிபிடி வடிவுக்கு மாற்ற எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியை மைக்ரோசாஃப்ட் தருகிறது. ஆனால் வன்தட்டில் லாஜிக்கல் பார்ட்டிஷன் (பெரிய பிரிவு ஒன்றுக்குள் அமைந்த உட்பிரிவு) இருந்தால் அந்தக் கருவி சோதனைக் கட்டத்திலேயே மறுத்துவிடும், லினக்ஸோ பெரும்பாலும் லாஜிக்கல் பார்ட்டிஷனில்தான் நிறுவப்பட்டிருக்கும். மாற்றம் வெற்றி பெற்றாலும், பழைய கிரப் புதிய முறையில் இயங்காது என்பதால் அதன் யூஇஎஃப்ஐ பதிப்பைத் தனியே நிறுவவேண்டும். இத்தகைய கணினியில் எல்லாவற்றையும் நகலெடுத்து வைத்துக்கொண்டு வன்தட்டைப் புதிதாகப் பிரிப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

வரிசையைச் சரிசெய்தும் லினக்ஸ் திறக்காவிட்டால், அடுத்துப் பார்க்கவேண்டியது செக்யூர் பூட். நம்பகமான கையொப்பம் உள்ள தொடக்க நிரலை மட்டுமே அது அனுமதிக்கிறது; உபுண்டுவின் சார்பில் மைக்ரோசாஃப்டின் கையொப்பத்துடன் முதலில் நுழைவது ஷிம் என்னும் சிறு நிரல், அது கிரப்பைச் சரிபார்த்து உள்ளே விடுகிறது. ஷிம்முக்கும் கிரப்புக்கும் எஸ்பிஏடி எனப்படும் தலைமுறை எண்கள் உண்டு. குறைந்தபட்சம் எந்தத் தலைமுறையை ஏற்கலாம் என்பது யூஇஎஃப்ஐ நினைவகத்தில் எழுதப்பட்டிருக்கும். கிரப்பில் இருந்த ஒரு பாதுகாப்புக் குறையை அடைப்பதற்காக 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் புதுப்பிப்பு அந்தக் குறைந்தபட்ச எண்ணை உயர்த்தியது. இரண்டு இயங்குதளங்கள் உள்ள கணினிகளைத் தொடாதபடி அது வடிவமைக்கப்பட்டிருந்தும், பலவற்றை அடையாளம் காணத் தவறியதால், பழைய ஷிம் கொண்டிருந்த லினக்ஸ்கள் 'சம்திங் ஹேஸ் கான் சீரியஸ்லி ராங்' என்ற செய்தியைக் காட்டிவிட்டு நின்றுபோயின. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி, லினக்ஸுக்குள் சென்று, மோக்யூட்டில் என்ற கட்டளையால் அந்த எஸ்பிஏடி கொள்கையை நீக்கி, ஷிம்மைப் புதுப்பித்தபின் செக்யூர் பூட்டை மீண்டும் இயக்குவதே அதற்கான வழியாக இருந்தது. விண்டோஸை மேம்படுத்துவதற்கு முன்பே லினக்ஸை முழுமையாகப் புதுப்பித்துவிடவேண்டும் என்று சொல்வதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

செக்யூர் பூட்டைத் தொடுவதற்கு முன், வன்தட்டைக் குறியாக்கம் செய்யும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரை நினைவில் வைக்கவேண்டும். வன்தட்டைப் பூட்டிவைக்கும் சாவியை டிபிஎம் என்னும் பாதுகாப்புச் சில்லு தன்னிடம் வைத்துக்கொண்டு, தொடக்கச் சூழல் மாறாதிருந்தால் மட்டுமே விடுவிக்கிறது. செக்யூர் பூட்டை நிறுத்துவதும் அதன் கண்ணில் ஒரு மாற்றமே. உடனே 48 இலக்க மீட்புக் குறியீட்டை விண்டோஸ் கேட்கும்; அது கையில் இல்லையென்றால் உள்ளே இருக்கும் கோப்புகளைத் திறக்க வேறு வழியில்லை. லினக்ஸ் மறைந்துபோனதாகத் தோன்றுவதைவிட இதுவே உண்மையான ஆபத்து. ஆகவே அந்தக் குறியீட்டைத் தாளில் எழுதியோ வேறொரு சாதனத்திலோ வைத்துக்கொண்டு, பிட்லாக்கரை இடைநிறுத்திய பிறகே எந்த மாற்றத்தையும் செய்யவேண்டும்.

லினக்ஸை மேம்படுத்தும்போது எதிர்த்திசையில் ஒரு சிக்கல் வரலாம். 2021-இல் வெளிவந்த கிரப் 2.06 முதல், பிற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் என்ற கருவி பாதுகாப்புக் கருதி இயல்பாகவே அணைக்கப்பட்டிருப்பதால், பட்டியலில் விண்டோஸ் காணாமல் போகக்கூடும். கிரப்பின் அமைப்புக் கோப்பில் அந்தத் தடையை நீக்கி, அப்டேட்-கிரப் கட்டளையை இயக்கினால் அது மீண்டும் சேர்ந்துவிடும்.

கடைசியாக, விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி, கணினியை அணைக்கும்போது இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் நிலையை வன்தட்டில் எழுதி உறங்கவைக்கிறது. அந்த நிலையில் விண்டோஸ் பார்ட்டிஷனில் லினக்ஸ் எதையாவது எழுதினால் கோப்புகள் சிதையக்கூடும் என்பதால், லினக்ஸ் அதை எழுத மறுத்து, படிக்க மட்டுமே அனுமதிக்கும். மேம்படுத்தலுக்குப் பிறகு இந்த வசதி மீண்டும் இயங்கத் தொடங்கியிருக்கிறதா என்று பவர் ஆப்ஷன்ஸில் பார்த்து அணைத்துவிடவேண்டும். ஒருமுறை மட்டும் முழுமையாக அணைப்பதென்றால், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட்டவுனைச் சொடுக்கினால் போதும்.