ஃபான்ட் அழிக்கிறதுக்கு முன்னாடி பழைய ஃபைலைத் திறந்து பாருங்க

களியக்காவிளையில கம்ப்யூட்டர் சர்வீஸ் பாக்குறேன், தமிழ்நாடு-கேரளா பார்டர் ஊருங்கிறதால வர்ற சிஸ்டத்துல பாதி கல்யாண கார்டு, நோட்டீஸ், பிளக்ஸ் அடிக்கிற கடைங்களோடது, ஒரே மெஷின்ல தமிழும் மலையாளமும் ஓடும், ஃபான்ட் கேக்கவே வேண்டாம், மலையா குவிஞ்சு கிடக்கும். பாறசாலையில இருந்து ஒரு பிரஸ்காரர் கொண்டு வந்த சிஸ்டத்துல 2000-க்கு மேல இருந்துச்சு, பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கரை கிளிக் பண்ணிட்டு, அது திறக்கிறதுக்குள்ள டீ குடிச்சிட்டு வரலாம்.

"மக்ளே, நானே கொஞ்சம் அழிச்சுப் பாத்தேன், இப்ப பழைய கார்டெல்லாம் கோளாறா வருது"ன்னார். ஃபைலைத் திறந்தா 'தமிழ்'னு இருக்க வேண்டிய இடத்துல ஜே, கே, பி, ஓ, கடைசியில ஒரு செமிகோலன். பாமினிங்கிற பழைய தமிழ் ஃபான்ட்டைத் தூக்கியிருக்கார்னு பாத்ததும் தெரிஞ்சுது.

விஷயம் இதுதான். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி நம்பர் குடுக்கிற யூனிகோடுக்கு முந்தின ஃபான்ட்ல அடிச்ச ஃபைலுக்குள்ள தமிழே கிடையாது, இங்கிலீஷ் எழுத்துதான் இருக்கு, அதுக்கு மேல தமிழ் உருவத்தைப் போர்த்துறது ஃபான்ட். அது போனா போர்வை போச்சு. லதா, நிர்மலா மாதிரி யூனிகோடுன்னா ஒண்ணு போனாலும் வேற ஒண்ணு வந்து காட்டிடும். பாமினியாவது யாருகிட்டயாவது கிடைக்கும், காசு குடுத்து சாஃப்ட்வேரோட வாங்கின ஃபான்ட்டுன்னா சிடி எங்கன்னு தேடணும், அந்த சிடியை இப்ப போட டிரைவ் எங்க இருக்கு?

மலையாளத்துலயும் அதே கதை. எம்எல்-டிடி கார்த்திகாவும் விண்டோஸ்ல வர்ற கார்த்திகாவும் ஒரே பேரா இருக்கேன்னு டூப்ளிகேட்னு நினைச்சு முதல்ல சொன்னதை அழிச்சுட்டார். முதலாவது ஐஎஸ்எம்ங்கிற டைப்பிங் சாஃப்ட்வேர் காலத்துப் பழைய கோடு, ரெண்டாவது யூனிகோடு, பேரைத் தவிர சம்பந்தமே இல்ல.

அதனால முதல்ல சி டிரைவ், விண்டோஸ், ஃபான்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே பென்டிரைவ்ல காப்பி எடுங்க. விண்டோஸ் 10-ல நீங்களா டபுள் கிளிக் பண்ணி இன்ஸ்டால் பண்ணது பெரும்பாலும் அங்க இருக்காது, யூசர் ஃபோல்டர்ல ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ்னு உள்ளுக்குள்ள போய் உக்காந்திருக்கும், நிறைய பேர் இதைத்தான் விட்டுடுறாங்க. அப்புறம் முக்கியமான பழைய ஃபைலைத் திறந்து எந்த ஃபான்ட்ல இருக்குன்னு ஒரு தாள்ல எழுதிக்கோங்க. இனிமேலும் வேணும்ங்கிற மேட்டரை கன்வெர்ட்டர்ல போட்டு யூனிகோடாக்கிடுங்க, மாத்தினப்புறம் ஒரு தடவை வாசிச்சுப் பாருங்க, கொம்பும் காலும் சில சமயம் இடம் மாறி நிக்கும்.

அழிக்கிறது சுலபம், பேஜ்மேக்கர் கோரல் எல்லாம் மூடிட்டு செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், ஃபான்ட்ஸ் போய் அன்இன்ஸ்டால். செகோ யூஐ, தஹோமா, ஏரியல், மார்லெட் பக்கம் மட்டும் கை வைக்காதீங்க. தப்பா அழிச்சிட்டா காப்பி எடுத்தது பென்டிரைவ்ல இருக்கே, திரும்ப இன்ஸ்டால் பண்ணிக்கலாம். ஓசியில ஃபான்ட் இறக்குறப்போ டிடிஎஃப், ஓடிஎஃப் தவிர இஎக்ஸ்இ வந்தா திறக்காம டெலிட் பண்ணுங்க, ஃபான்ட்டுக்கு எதுக்கு செட்டப்?

கடைசியில அவருக்கு 180 ஃபான்ட் மட்டும் வச்சேன், பேஜ்மேக்கர் சட்டுனு திறந்துச்சு. "அப்ப இனி சிஸ்டமே பறக்கும் இல்ல?"ன்னு கேட்டார். இல்லண்ணே, ஃபான்ட் லிஸ்ட் திறக்கிறதுதான் வேகமாச்சு, ஒரு பழைய தமிழ் ஃபான்ட் 100 கேபி வந்தாலே பெரிசு, அதை அழிச்சு எவ்வளவு இடம் மிச்சமாகப் போகுது, மெஷின் இழுக்கிறதுக்குக் காரணம் உங்க பழைய ஹார்ட்டிஸ்க்னு சொன்னேன். அதுக்குப் பதிலா போடுற வேகமான எஸ்எஸ்டி விலையைக் கேட்டதும் பொங்கலுக்கு அப்புறம் பாக்கலாம்னு பையைத் தூக்கிட்டார்.