சொல் விளக்கம்: துறைத்திறன் ஒத்துழைப்பு

‘நீதித்துறையை வலுப்படுத்த இரு நாடுகளிடையே தொழில்நுட்ப ஒத்துழைப்பு’ என்று ஒரு செய்தித் தலைப்பு வருகிறது. கடலூர் நீதிமன்ற வளாகத்தில் வாய்தாவுக்குக் காத்திருப்பவர் அதைப் படித்தால், காணொளி விசாரணைக்குப் புதுக் கேமரா வாங்கப் போகிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். உள்ளே படித்தால் சங்கதி வேறு. ஒரு நாட்டு நீதிபதிகள் இன்னொரு நாட்டு நீதிபதிகளுக்குப் பயிற்சி தருவார்கள், சட்ட வரைவு எழுதும்போது கூட உட்காருவார்கள், சிறை விதிகளைத் திருத்த யோசனை சொல்வார்கள். கணினி அதில் இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும். தலைப்பில் வந்த ‘தொழில்நுட்பம்’தான் படிப்பவரைத் திசை மாற்றிவிடுகிறது.

‘தொழில்நுட்ப ஒத்துழைப்பு’ என்ற தொடருக்கு மாற்றாக ‘துறைத்திறன் ஒத்துழைப்பு’ என்பதைப் பரிந்துரைக்கிறோம். முதல் தொடர் ஆங்கிலத்தில் ‘டெக்னிக்கல் கோஆப்பரேஷன்’. புதுச்சேரியில் பிரெஞ்சுக் காகிதங்களோடு பழகியவர்களுக்கு அதுவே ‘கோப்பெராசியோன் தெக்னீக்’. இரண்டுக்கும் வேர் கிரேக்கத்தின் ‘தெக்னே’. தச்சன், கொல்லன், மருத்துவன், பேச்சாளன் என யாராக இருந்தாலும், பழகிப் பழகிக் கைவந்த திறனை அச்சொல் குறித்தது. அங்கிருந்து லத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்கு வந்த ‘டெக்னிக்கல்’ என்பதற்கு ‘ஒரு துறைக்கே உரிய’ என்று பொருள். ‘டெக்னாலஜி’ அதே வேரில் கிளைத்த வேறு சொல். ஆங்கிலம் பிரித்து வைத்திருக்கும் இந்த இரண்டையும் நாம் ‘தொழில்நுட்பம்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டோம்.

சொல்லின் மேல் குற்றமில்லை. ‘நுண்’ என்ற அடியில் பிறந்த ‘நுட்பம்’ கூர்மையைச் சொல்லும் பழைய சொல். ‘மதிநுட்பம் நூலோடு உடையார்க்கு’ என்று அமைச்சனின் அறிவைப் பேசும் 636ஆம் குறளில் அது வருகிறது. தொழிலின் நுட்பம் என்று நேராகப் பிரித்துப் பார்த்தால் தெக்னேவுக்கு அருகில்தான் நிற்கிறது. ஆனால் ஒரு சொல்லுக்கு இன்று என்ன பொருள் என்பதை இன்றைய காதுதான் முடிவு செய்யும். தகவல் தொழில்நுட்பம் வந்த பிறகு ‘தொழில்நுட்பம்’ என்றால் கருவி, மென்பொருள், கைபேசி என்றே காதில் விழுகிறது.

இதனால் வரும் குழப்பத்தை நீதிமன்றச் செய்திகளிலேயே காணலாம். ‘தொழில்நுட்பக் காரணங்களால் மனு தள்ளுபடி’ என்று எழுதுகிறார்கள். இணைய இணைப்பா அறுந்தது? காலக்கெடு கடந்து மனுச் செய்திருப்பார்கள், முத்திரைக் கட்டணம் குறைந்திருக்கும், சேர்க்க வேண்டிய தரப்பினரைச் சேர்க்காமல் விட்டிருப்பார்கள். அங்கே எழுத வேண்டியது ‘நடைமுறைக் குறையால் தள்ளுபடி’.

‘ஒத்துழைப்பு’ நல்ல சொல். கோஆப்பரேஷனுக்குக் ‘கூட்டுறவு’ என்ற சொல்லும் உண்டு. அது சங்கம், வங்கி, பால் விற்பனைக்கு என்று ஒதுங்கிவிட்டது. 1920இல் ஒத்துழையாமை இயக்கம் வந்ததிலிருந்து ‘ஒத்துழைப்பு’ அரசியல் வழக்கில் ஊன்றி நிற்கிறது. ஒத்து உழைப்பது என்றால் இரு பக்கமும் உழைக்க வேண்டும். இந்தத் துறையில் அது வெறும் அலங்காரமல்ல. 1948இல் ஐ.நா. பொதுச்சபை இந்த வகைப் பணியைத் தொடங்கியபோது வைத்த பெயர் ‘டெக்னிக்கல் அசிஸ்டன்ஸ்’, அதாவது உதவி. கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர். 1978 செப்டம்பரில் புவனஸ் அயர்ஸில் 138 நாடுகள் கூடி, வளரும் நாடுகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் பணிக்கான திட்டத்தை ஏற்றபோது அதன் பெயரிலேயே ‘கோஆப்பரேஷன்’ இருந்தது. இந்தியா அதற்கு முன்பே, 1964 செப்டம்பர் 15 அன்று, ‘ஐடெக்’ (இண்டியன் டெக்னிக்கல் அண்ட் எகனாமிக் கோஆப்பரேஷன்) திட்டத்தைத் தொடங்கிவிட்டது. பெயரின் ஓசையைக் கேட்டு அதைக் கணினித் திட்டம் என்று எண்ணுபவர்கள் உண்டு. 160க்கும் மேற்பட்ட நாடுகளின் அலுவலர்களை அழைத்து வந்து பயிற்சி தரும் திட்டம் அது. சட்ட வரைவுப் பயிற்சி அதில் நெடுநாளாக இருக்கிறது. போபாலில் உள்ள தேசிய நீதித்துறை அகாதெமியில் வங்கதேச நீதிபதிகள் வந்து படித்திருக்கிறார்கள்.

இனி, வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் பொருத்தமான தமிழ்ச் சொல் தானே பிடிபடும்.

கேட்கும் நாடு முதலில் எழுதிக் கேட்க வேண்டும். பிறகு தேவை மதிப்பீடு. அனுபவமுள்ளவர்கள் இந்தக் கட்டத்தில் அவசரப்படுவதில்லை. உரிமையியல் (சிவில்) வழக்குகள் தேங்குகின்றன என்பது புகாராக இருந்தால், ஒரே வகை வழக்கில் முடிந்துபோன 100 வழக்குக் கட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் எந்தெந்தத் தேதியில் வாய்தா போனது, ஏன் போனது என்று வரிவரியாகக் குறிப்பார்கள். நம்மூர்க் கட்டு ஒன்றைப் பிரித்துப் பார்த்தாலும் இது விளங்கும். பிராது தாக்கலாகி எண் விழும். எதிர்வாதிக்குச் சம்மன் போக வாதி அதற்கான கட்டணத்தை, அதாவது பேட்டாவை, கட்ட வேண்டும். கட்டவில்லை, ஒரு வாய்தா. கட்டினார், கதவு எண் தப்பு, சம்மனைக் கொண்டுபோன நீதிமன்ற ஊழியரான அமீனா திரும்பி வந்தார், இன்னொரு வாய்தா. சம்மன் சார்வானதும், அதாவது கைக்குச் சேர்ந்ததும், எதிர்வாதி 30 நாளில் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும், காரணம் காட்டினால் 90 நாள் வரை என்று சட்டம் சொல்கிறது. அது அதையும் தாண்டிப் போகும். கட்டின் பின்பக்கத்தில் வரிசையாக விழுந்திருக்கும் இந்தத் தேதிகளை எண்ணினால்தான் நோய் எந்த இடத்தில் என்று தெரியும். தாமதத்தில் பெரும்பகுதி சம்மன் சார்வில் என்றால், நீதிபதிகளுக்கு ஐந்து நாள் கருத்தரங்கு நடத்தி ஒரு பயனும் இல்லை. முகவரி சரிபார்ப்பும் அமீனாக்களின் எண்ணிக்கையும்தான் கவனிக்க வேண்டியவை. வழக்கு மேலாண்மை மென்பொருளின் முறை இதற்கெல்லாம் பிறகு வரும். படிவம் சீராகாத அலுவலகத்தில் மென்பொருளை முதலில் இறக்கினால், எழுத்தர் பதிவேட்டிலும் எழுதி, திரையிலும் ஏற்றி, ஒரே வேலையை இருமுறை செய்வார்.

அடுத்தது பணி வரையறை: யார், எத்தனை மாதம், எதைச் செய்து முடிப்பார், செலவு யாருடையது. ‘120 பேருக்குப் பயிற்சி’ என்று மட்டும் இலக்கு வைத்தால் 120 சான்றிதழ் கிடைக்கும். பயிற்சி பெற்றவர் ஆறு மாதத்தில் வேறு பணிக்கு மாற்றலாகிவிட்டால் அந்தத் திறன் அவரோடே போய்விடும். பயிற்சியாளர்களை உருவாக்கும் பயிற்சி, அந்நாட்டு அகாதெமியின் பாடத்திட்டத்திலேயே சேர்ப்பு, திட்டம் முடிந்தபின் மென்பொருள் பராமரிப்புக்கு அந்நாட்டு வரவுசெலவில் இடம், இந்த மூன்றும் எழுத்தில் இல்லாத திட்டங்கள் பணம் நின்ற ஆண்டிலேயே நின்றுபோகும்.

எல்லாவற்றிலும் கடினமானது மொழி. கம்போடியாவில் 1975 முதல் 1979 வரையிலான கெமர் ரூஜ் ஆட்சியில் சட்டம் படித்தவர்கள் ஏறக்குறைய இல்லாமலே போனார்கள். ஜப்பான் அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான ஜைக்கா 1999இல் அங்கே பணியைத் தொடங்கியது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 2006இலும் உரிமையியல் சட்டம் 2007இலும் வெளியாயின. பின்னது நடைமுறைக்கு வர 2011 ஆயிற்று. ஜப்பானியர் எழுதிக்கொடுக்க, கம்போடியர் கையொப்பமிட்டார்கள் என்றில்லை. ஒவ்வொரு கருத்துக்கும் கெமர் மொழியில் எந்தச் சொல் என்று இரு தரப்பும் உட்கார்ந்து பேசியதிலேயே நிறையக் காலம் போனது. சொல் கிடைக்காத சட்டத்தை நீதிபதி எப்படித் தீர்ப்பில் எழுதுவார்?

புதுச்சேரிக்கு இது புதிய பாடமல்ல. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு நிர்வாகத்தின் கீழ் உள்ளூர் மக்களின் வழக்குகளைக் கேட்ட மன்றத்தின் பெயர் ‘ஷோத்ரி’. நம் ‘சாவடி’தான் பிரெஞ்சு வாயில் அப்படி ஆனது. 1827இல் இந்திய வழக்காறுகளைப் பற்றி நீதிபதிகளுக்கு விளக்கம் சொல்ல உள்ளூர் அறிஞர்களைக் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்தார்கள். பாகம், தத்து, சீதனம் பற்றிய கேள்விகளில் பிரெஞ்சு நீதிபதி இவர்களைத்தான் கேட்க வேண்டியிருந்தது. அது காலனிய ஏற்பாடு, சமமானவர்களின் ஒத்துழைப்பு என்று சொல்ல முடியாது. ஆனாலும் துறைத்திறன் வெளியிலிருந்து மட்டும் வருவதல்ல என்பதற்கு அந்தக் குழு நல்ல சாட்சி.

எனவே எங்கள் பரிந்துரை ‘துறைத்திறன் ஒத்துழைப்பு’. ‘துறைசார் ஒத்துழைப்பு’ என்பது எந்த இரு துறைகள் கைகோத்தாலும் பொருந்தும். திறன் கைமாறுகிறது என்ற கருத்து அதில் இல்லை. ‘நுட்ப ஒத்துழைப்பு’ என்று சுருக்கினால் எதன் நுட்பம் என்ற கேள்வி எழும்.

கூடவே வரும் இரண்டு சொற்களையும் திருத்திக்கொள்ள வேண்டும். ‘ஜஸ்டிஸ் சிஸ்டம்’ என்பதை நீதித்துறை என்று எழுதினால் நீதிமன்றங்கள் மட்டுமே நிற்கும். காவல், அரசு வழக்கறிஞர், சிறை, தடயவியல், இலவச சட்ட உதவி எல்லாம் விடுபடும். ‘நீதி அமைப்பு’ என்பதே சரி. ‘பார்ட்னர் கன்ட்ரி’யைப் ‘பங்காளி நாடு’ என்பது அதைவிட மோசம். பங்காளி என்றால் நமக்குப் பாகப்பிரிவினை வழக்கு கண்முன் வரும். ‘கூட்டாளி நாடு’ கொஞ்சம் வணிகமாகத் தெரிந்தாலும் சண்டை வாடை இல்லாதது. ‘இணைநாடு’ இன்னும் நல்லது.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று ‘பரஸ்பர சட்ட உதவி’. அது ஒரு குறிப்பிட்ட வழக்குக்காக நாடுகள் செய்துகொள்வது. பிரான்சில் இருக்கும் எதிர்வாதிக்குப் புதுச்சேரி நீதிமன்றச் சம்மனைச் சார்வு செய்ய, 1965ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை வழியாக, இரண்டு படிகளும் மொழிபெயர்ப்பும் வைத்து அனுப்புவது இன்னொரு வகை. இந்தியாவில் அந்த உடன்படிக்கை 2007 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இரண்டிலும் யாரும் யாருக்கும் பயிற்சி தருவதில்லை.

அரசாணையிலோ ஒப்பந்தத்திலோ அதிகாரப்பூர்வப் பெயராக ‘தொழில்நுட்ப ஒத்துழைப்பு’ இருந்தால் அந்தப் பெயரை மாற்ற வேண்டாம். முதல் முறை அப்படியே எழுதி, விளக்கத்தில் நம் சொல்லைப் பயன்படுத்தலாம். செய்தியாக எழுதும்போது இப்படி: ‘இணைநாடுகளின் நீதி அமைப்பை வலுப்படுத்தும் துறைத்திறன் ஒத்துழைப்பின் கீழ், சட்ட வரைவாளர்கள் 20 பேர் ஆறு வாரப் பயிற்சிக்கு வருகிறார்கள்.’