சோளத்தில் கலவனை அடையாளம் காண்பது: உயரத்தை மட்டும் நம்பாதீர்கள்

சோள விதைப்பண்ணையில் நாலைந்து செடிகள் மற்றவற்றுக்கு மேலே தலை நீட்டி நின்றால், 'விதையில் கலப்படம்' என்ற பேச்சு உடனே கிளம்பிவிடும். இப்படி ரகத்தோடு பொருந்தாமல் நிற்கும் செடியைத்தான் கலவன் என்கிறோம். அது கலப்படமாகவும் இருக்கலாம், அதே ரகச் செடி தானாகவே உயர்ந்ததாகவும் இருக்கலாம். சோளத்தின் உயரத்தைப் பெரும்பாலும் 4 மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. அவற்றில் ஒன்று டிடபிள்யூ 3. குட்டை ரகங்கள் பலவற்றில் இந்த மரபணுவில், 882 காரஇணை (டிஎன்ஏ எழுத்து இணை) நீளத் துண்டு ஒன்று இரட்டித்துக் கிடக்கிறது, அதனால்தான் செடி குட்டை. இனச்செல்கள் உருவாகும்போது அந்த இரட்டிப்பு எப்போதாவது கழன்றுவிடும். கழன்றால் அடுத்த தலைமுறையில் செடி நெட்டை.

இரண்டையும் பிரித்தறிய, தோகைகளை (இலைகளை) எண்ணிப் பாருங்கள். தானாக உயர்ந்த செடியில் தோகை எண்ணிக்கை, பூக்கும் நாள், கதிர் வடிவம், உமி நிறம் எல்லாம் பக்கத்துச் செடி மாதிரியே இருக்கும். தண்டின் கணுவிடைகள் மட்டும் நீண்டிருக்கும். அயல் மகரந்தத்தில் பிறந்த செடி உயரத்தோடு நிற்பதில்லை: தட்டை (தண்டு) பருத்திருக்கும், கதிர் தளர்ந்திருக்கும், பூப்பதும் முன்பின் ஆகும். இரண்டையுமே பிடுங்கத்தான் வேண்டும். ஆனால் முதல் வகைக்காக விதை கொடுத்தவரைக் குறை சொல்வது வீண்.

உயரத்தைவிட நம்பகமான சாட்சி செடியின் நிறமி. தோகையை நகத்தால் கீறிவிட்டு ஓரிரு நாள் கழித்துப் பார்த்தால், காயம் செவ்வூதாவாகவோ வெளிர்பழுப்பாகவோ மாறியிருக்கும். ஊதா ஓங்கு பண்பு, பெற்றோரில் ஒன்றிலிருந்து வந்தாலே வெளிப்பட்டுவிடும். அதனால் வெளிர்பழுப்பு ரகத்துக்குள் ஊதாக் காயம் காட்டும் செடி, சந்தேகமில்லாமல் கலவன்தான். ஒரு எச்சரிக்கை: கதிர் முற்றும்போது மழை பிடித்தால் ஊதாச் செடியின் உமிச் சாயம் வெள்ளைத் தானியத்தில் இறங்கிப் புள்ளி விழும். அந்தப் புள்ளியை வைத்து ரகத்தைச் சந்தேகிக்க வேண்டாம்.

நடுநரம்பைப் பூக்கும் சமயத்தில், கதிரை ஒட்டிய மேல் தோகைகளில் பார்க்க வேண்டும். பட்டையான பளிச் வெள்ளை என்றால் தட்டைக்குள் காற்று நிறைந்த வறண்ட சோறு (தண்டின் உள் மென்பகுதி). மங்கிய பச்சையில் மெல்லிய வெள்ளைக் கோடு மட்டும் என்றால் சாறுள்ள தட்டை. சாறும் இனிப்பும் ஒன்றல்ல, இனிப்பைத் தனியாகத்தான் அளக்க வேண்டும். லிக்னின் (தண்டை விறைப்பாக்கும் பொருள்) குறைந்த தீவனச் சோளத்தின் பழுப்பு நரம்பு 4 முதல் 6 இலைப் பருவத்தில் நன்றாகத் தெரியும், வயதானால் மங்கும்.

உமியின் நுனியில் நீளும் மெல்லிய இழையான மீசையைப் பூக்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள், முற்றினால் உதிர்ந்துவிடக்கூடும். உமி நிறத்துக்கு நேர்மாறு: தானியம் முற்றியதற்கு அடையாளமாக அதன் அடியில் கரும்புள்ளி வந்த பிறகே அதை எழுத வேண்டும்.

சிவப்புத் தானியமெல்லாம் டானின் (துவர்ப்புப் பொருள்) உள்ள தானியம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தவறு. டானின் இருப்பது மேல்தோலுக்கு அடியிலுள்ள விதையுறையில். மேல்தோலைப் பிளேடால் லேசாகச் சுரண்டினால் அந்தக் கருத்த அடுக்கு தெரியும். உறுதியாகத் தெரிய, 3.5 சதவீத சோடியம் ஹைபோகுளோரைட் (வெளுப்பான்) கரைசலில் 5 சதவீதம் சோடியம் ஹைட்ராக்சைடு கலந்து, முழுத் தானியத்தை 20 நிமிடம் ஊறவைத்துக் கழுவுங்கள். விதையுறை உள்ளவை முழுக்கக் கறுக்கும், மற்றவை வெளுக்கும். முளைப்பக்கம் மட்டும் கறுத்தால் அது டானின் அல்ல. உடைந்ததும் பூசணம் பிடித்ததும் பொய்யாகக் கறுக்கும், முதலிலேயே பொறுக்கிவிடுங்கள். கையுறை கட்டாயம்.

கலவனை எடுப்பதில் நேரம் முக்கியம். சோளக்கதிர் நுனியிலிருந்து கீழ்நோக்கிப் பூக்கும். நுனியில் மகரந்தப்பை தொங்குகிறதென்றால் அந்தச் செடி ஏற்கெனவே மகரந்தத் தூள் வீசத் தொடங்கிவிட்டது. கதிரை மட்டும் ஒடித்துப் போட்டுவிட்டு நகர்ந்தால், கணுவிலிருந்தும் அடியிலிருந்தும் கிளைக்கதிர்கள் கிளம்பி, யாரும் திரும்பிப் பார்க்காத நாளில் பூக்கும். வேரோடு பிடுங்கி, வயலுக்கு வெளியே கொண்டுபோய்ப் போடுங்கள்.