வீட்டில் தேசியக் கொடி: யார், எப்போது, எப்படி ஏற்றலாம்?

சுதந்திர தினத்திலும் குடியரசு தினத்திலும் மட்டும்தான் வீட்டில் கொடி ஏற்றலாம் என்று இன்னமும் பலர் நினைக்கிறார்கள். அப்படி எந்தக் கட்டுப்பாடும் இல்லை. 2002 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள இந்திய தேசியக் கொடி விதிமுறைகளின்படி தனிநபர், பள்ளி, தனியார் நிறுவனம் என யாரும் எந்த நாளிலும் ஏற்றலாம். மரியாதையோடு கொடி ஏற்றுவது அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு தரும் கருத்துச் சுதந்திரத்தில் அடங்கிய உரிமை என்று 2004-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. முன்பு சூரியன் மறைவதற்குள் இறக்கியாக வேண்டும். 2022 ஜூலைத் திருத்தத்துக்குப் பிறகு வீட்டுக் கொடி இரவிலும் பறக்கலாம்.

தவறு பெரும்பாலும் கொடி வாங்கும்போதே நடந்துவிடுகிறது. நீளமும் உயரமும் 3:2 விகிதத்தில் இருக்க வேண்டும். வீட்டுக்கு 900 × 600 மி.மீ. போதும். மூன்று பட்டைகளும் ஒரே அகலம். 2021 டிசம்பரிலிருந்து பாலியஸ்டர் துணியும் இயந்திரத் தயாரிப்பும் அனுமதிக்கப்பட்டுள்ளன. அடுத்து சக்கரத்தைப் பாருங்கள்: கருநீலம், 24 ஆரங்கள், வெள்ளைப் பட்டையின் நடுவில். 900 × 600 கொடியில் வெள்ளைப் பட்டையின் அகலம் 200 மி.மீ., சக்கரத்தின் விட்டம் 185 மி.மீ. அதாவது பட்டையைக் கிட்டத்தட்ட நிரப்பி நிற்க வேண்டும். பொட்டுப் போலச் சிறுத்த சக்கரமோ, ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட சக்கரமோ உள்ள கொடியை வாங்காதீர்கள்.

இரு பக்கமும் ஏன்? 1931-இல் காங்கிரஸ் ஏற்ற கொடியில் இருந்தது இராட்டை. அதை மறுபக்கத்திலிருந்து பார்த்தால் இடவலம் மாறிவிடும். கொடி இரு பக்கமும் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்று 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் நேரு விளக்கினார். சாரநாத் தூணிலிருந்து அசோகச் சக்கரம் வந்து சேர்ந்தது. அதே சபையில் ராதாகிருஷ்ணன் காவியைத் துறவுக்கும், வெண்மையை உண்மையின் ஒளிக்கும், பச்சையை மண்ணோடும் பயிரோடும் நமக்குள்ள உறவுக்கும், சக்கரத்தை அறத்துக்கும் இயக்கத்துக்கும் பொருத்திச் சொன்னார். நிறங்களை மதங்களோடு சேர்த்துச் சொல்லும் வழக்கம் 1921-இல் பிங்கலி வெங்கையா வடிவமைத்த கொடியின் காலத்தது. 1931-லேயே அந்தப் பொருள் கைவிடப்பட்டது. பள்ளிகளில் இதைத் தெளிவாகச் சொல்லித்தர வேண்டும்.

ஏற்றும்போது காவி மேலே. சுவரில் செங்குத்தாகத் தொங்கவிட்டால் பார்ப்பவருக்குக் காவி இடப்பக்கம் வர வேண்டும். வேகமாக ஏற்றி, மெதுவாக இறக்குவதே முறை. விழாக்களில் கொடி தலைகீழாக விரிவதற்குக் காரணம், மடித்துக் கட்டும் அவசரத்தில் மேல் நுனிக் கயிறும் கீழ் நுனிக் கயிறும் மாறிவிடுவதுதான். மடிப்பதற்கு முன் ஒருமுறை முழுதாக விரித்துப் பார்த்துவிடுங்கள். உள்ளே பூ வைத்துக் கட்டலாம். துணியில் எதுவும் எழுதக் கூடாது. தேசியக் கொடியைவிட உயரமாகவோ அதன் பக்கத்தில் சமமாகவோ வேறு கொடி கூடாது. தரையில் படக் கூடாது.

கிழிந்த, சாயம்போன கொடியைப் பறக்கவிடுவதும் விதிமீறலே. குப்பையில் போடாமல், தனிமையில், முழுவதுமாக எரித்துவிடலாம். காகிதக் கொடிகளையும் நிகழ்ச்சி முடிந்ததும் தரையில் எறியாமல் சேகரித்து, அதே மரியாதையோடு அப்புறப்படுத்த வேண்டும். பொது இடத்தில் கொடியை எரிப்பது, மிதிப்பது, சிதைப்பது ஆகியவற்றுக்கு 1971-ஆம் ஆண்டு தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.