நெற்றியில் பிறை சூடிய வணிகர் மனைவி

17ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலும் 18ஆம் நூற்றாண்டிலும் வரைந்த டச்சுக் குடும்ப ஓவியங்களைப் புதிதாகப் பார்ப்பவருக்குச் சிரிப்புதான் வரும். ஆம்ஸ்டர்டாம் வணிகரின் மனைவி நெற்றியில் பிறை சூடி, வில்லும் கையுமாக நிற்பார். மகள் பட்டு உடுத்திய இடைச்சி. பின்னால் ரோமாபுரித் தூண்கள், டால்ஃபின் நீரூற்று.

புராட்டஸ்டன்ட் வீட்டில் ரோமத் தெய்வத்துக்கு என்ன வேலை? கும்பிட அல்ல, வேட்டைத் தெய்வமான டயானா அங்கே ஒரு சொல். பிறை டயானாவைக் காட்டும், டயானா கற்பைக் காட்டுவாள். அதையே எழுத்தில் எழுதி மாட்டினால் தற்பெருமை. பிறையாகச் சூட்டினால் படித்த குடும்பம் என்ற பெயரும் சேரும். இதற்கு ஓவியர்களிடம் அகராதியே இருந்தது: சேசரே ரீப்பா ரோமில் 1593இல் வெளியிட்ட ‘ஐகொனொலொஜியா’. 1644இல் அது டச்சிலும் வந்தது.

கையைக் கவனியுங்கள். திராட்சைக் கொத்தைப் பழத்தில் கை படாமல், காம்பை மட்டும் விரல்நுனியால் பிடித்திருப்பார்கள். கலை வரலாற்றாசிரியர் எடி டி யோங் இதை ஆராய்ந்து, அது கற்பின் அடையாளம் என்று 1974இல் எழுதினார். மனைவியைக் கனிதரும் திராட்சைக் கொடிக்கு ஒப்பிடும் பைபிளின் 128ஆம் சங்கீதம் எல்லோருக்கும் மனப்பாடம். எல்ம் மரத்தைத் தழுவும் கொடியைத் திருமணத்துக்கு உவமை சொன்னவர்கள் ரோமக் கவிஞர்கள். ஒரே கொத்தில் பைபிளும் ரோமும்.

உடைக்கும் காரணம் உண்டு. நாகரிக உடை சில வருடத்தில் பழசாகிவிடும், பண்டைய பாணி நிலைக்கும் என்று வாதாடினார் ஓவியர் ஹெரார்ட் டி லைரெஸ். பார்வை போன பிறகு அவர் தந்த பாடங்கள் 1707இல் பெரிய நூலாக வந்தன. அதற்காகப் படத்தில் வரும் ஒவ்வொரு மயிலுக்கும் பொருள் தேடி அலைய வேண்டாம். பல பட்டறைகளில் அது வெறும் அலங்காரம். இரண்டு மூன்று பொருள்கள் ஒரே திசையைக் காட்டினால்தான் நான் நம்புவேன்.

கானிமீட் அப்படி இல்லை. கானிமீட் என்ற அழகான சிறுவனை, ரோமர்களின் தலைமைக் கடவுள் ஜுபிடர் கழுகு உருவில் தூக்கிப்போன கதை அது. 1635இல் ரெம்பிராண்ட் வரைந்தபோது, பயத்தில் சிறுநீர் கழித்தபடி அலறும் குழந்தையாகவே வரைந்தார். ஆனால் கடவுளை நாடும் தூய ஆன்மாதான் கானிமீட் என்று 1604இலேயே விளக்கம் எழுதியிருந்தார் ஓவியரும் எழுத்தாளருமான காரல் வான் மான்டர். ரெம்பிராண்டின் மாணவர் நிக்கோலாஸ் மாஸ் அந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டார். பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் அவரிடம் வந்தார்கள். அவர் வரைந்த குழந்தை அழவில்லை. பட்டுத்துணி காற்றில் பறக்க, கழுகோடு மேலே போகிறது.